தலையும் வாலும் இல்லாத பஸ் சத்தம்

போன மாதம் ஹரிணி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற ஒலிக்கூடத்தில் இப்போது என் நாற்காலியில் உட்காருகிற பெண் அவள். கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்காக நாங்கள் செய்துவைத்த பழைய ஒலிக்கோப்புகளை எல்லாம் புது வடிவத்துக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார்களாம். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்ததாம், ஒன்றில் மட்டும் மாட்டிக்கொண்டாளாம்.

"மொகிலி ஏத்தம்னு ஒரு ஃபைல் மேடம். அது எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னே தெரியல. எந்த எடத்துல வெச்சி செக் பண்றது?"

நான் சிரித்த சிரிப்பில், சமையலறையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அந்தக் கோப்புக்குத் தலை எது வால் எது என்று கண்டுபிடிக்க முடியாமல்தான் ஒரு காலத்தில் எங்கள் குடும்பமே பிழைத்தது. இதைப் போனில் சொன்னால் ஆகாது, எழுதியே தருகிறேன் என்று அவளிடம் சொன்னேன். எழுதுகிறேன்.

நான் நகரிக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரி. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, பரீட்சைத் தாளில் ஆங்கிலம். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்ததும், பெண்ணுக்கு டிவி ரிப்பேர் எதற்கு என்று ஊர் கேட்டது. எனக்குத் திருப்பதியில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு கேசட் ஒலிக்கூடத்தில் வேலை கிடைத்ததும், பாட்டு கேட்கச் சம்பளமா என்று அதே ஊர் கேட்டது. ஊருக்குக் கேள்விக்கா பஞ்சம்.

அரசாங்கம் கதவுகளைத் திறந்துவிட, வெளிநாட்டுச் சாமான்கள் வந்து குவியத் தொடங்கியிருந்த சமயம் அது. ஜப்பான் நகல் இயந்திரங்கள் வந்தன, கொரியாவிலிருந்து வெற்று நாடா வந்தது. மலைக்கு வருகிறவர்கள் லட்டு வாங்கிய கையோடு ஒரு பக்திப் பாட்டு கேசட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள். எங்களுக்கு மூச்சு விட நேரமில்லை. முதல் சில வருடங்களில் நான் கற்றதை எல்லாம் இப்படிச் சொல்லிவிடலாம்: இயந்திரத்தில் நாடா உரசிப் போகிற தலையை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடை, சின்ன திருகாணியைத் திருப்பி ஜால்ராவின் 'ஜிங்' துல்லியமாகக் கேட்கும்வரை சரிசெய், பாட்டின் தலைக்கு முன்னால் கொஞ்சம் மௌனம் விடு, வாலை மெல்ல மெல்ல அடக்கு. எந்தப் பாட்டையும் கத்தரித்தது போல நிறுத்தக் கூடாது, எந்தப் பாட்டையும் அறைந்தது போலத் தொடங்கவும் கூடாது. கை தூக்கத்திலும் இதைச் செய்யும்.

ஒலிக்கூடத்தின் முதலாளி நாயுடு சார். வெள்ளை அரைக்கைச் சட்டை, கரை போட்ட வேட்டி, தோல் செருப்பு. அவர் பாட்டு கேட்கிற விதத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கண்ணை மூடுவார். வலது காலின் செருப்பை மட்டும் கழற்றிவிட்டு வெறும் காலைத் தரையில் வைப்பார். மிருதங்கத்தின் கீழ்ச்சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் தரை வழியாகக் காலுக்கு வந்துவிடுமாம். கேட்டு முடித்ததும் பாராட்டவும் மாட்டார், திட்டவும் மாட்டார். பிடித்திருந்தால் செருப்பைப் போட்டுக்கொண்டு எழுந்து போவார். பிடிக்கவில்லை என்றால் செருப்பு அப்படியே கிடக்கும். "இங்கோசாரி" என்பார். இன்னொரு முறை என்று அர்த்தம். அதனால் நாங்கள் யாரும் அவர் முகத்தைப் பார்க்க மாட்டோம், காலைத்தான் பார்ப்போம்.

செருப்பு ஏறிவிட்டாலும் வேலை முடிந்துவிடாது. ஆட்டோ பரீட்சை ஒன்று உண்டு. கேசட்டை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் வாசல் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போக வேண்டும். அங்கே இருப்பதிலேயே மோசமான டேப் வைத்திருக்கிற ஆட்டோவில் போட்டுக் கேட்க வேண்டும். நல்ல ஸ்பீக்கர் எல்லோரையும் நல்லவன் என்றே சொல்லும், கெட்ட ஸ்பீக்கரைத்தான் சாட்சிக்குக் கூப்பிட வேண்டும் என்பது சாருடைய சட்டம். ஆட்டோவில் பாட்டு புரிந்தால்தான் நகல் இயந்திரத்துக்குப் போகும். அந்தச் சட்டம் எங்களை ஒருநாளும் கைவிட்டதில்லை. அதாவது, மொகிலி மலைப்பாதை வரும்வரை.

நகல் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் முனிரத்தினம். ராமகுப்பம் பக்கம், பட்டுப்பூச்சி வளர்க்கிற வீடு. புழு மல்பெரி இலை தின்கிற சத்தத்தை வைத்தே அதற்குப் பசி அடங்கிவிட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவேன் என்று முதல் நாளே என்னிடம் பெருமை அடித்தார். பொய்யா நிஜமா என்று சோதிக்க ராமகுப்பத்துக்கே போக வேண்டியதாகி, போன இடத்தில் கல்யாணமே ஆகிவிட்டது. நிஜம்தான், சொல்லிவிடுகிறார்.

பிறகு குறுந்தகடு வந்தது. அதன் பின்னாலேயே எம்பி3 வந்தது. எங்கள் வாழ்நாள் உழைப்பு மொத்தமும் ஒரே தட்டில் ஏறி, நடைபாதையில் கூறுகட்டி விற்கப்பட்டது. நகல் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக உறை போர்த்திக்கொண்டன. கூடத்தில் கடைசியில் மிஞ்சியது சார், நான், என் வீட்டுக்காரர், கணக்குப் பார்க்கிற ஒருவர். கல்யாண வீடியோவுக்குப் பாட்டு சேர்த்துக் கொடுத்துக் காலத்தை ஓட்டினோம்.

அப்போதுதான் குவைத் பேச்சு எங்கள் வீட்டுக்குள் வந்தது. எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு வீட்டில் குவைத் உண்டு. ஒரு வீட்டுக்கு டிரைவர் வேண்டும் என்று கடப்பா ஏஜென்ட் சொன்னான். கூடத்து வேனை ஓட்டிக்கொண்டிருந்ததால் இவரிடம் லைசென்ஸ் இருந்தது. மெடிக்கல் முடிந்தது, பாஸ்போர்ட்டும் ஏஜென்ட் கைக்குப் போய்விட்டது. எனக்கு அதில் துளிகூடச் சம்மதமில்லை. எதிர்வீட்டுக்காரர் குவைத்திலிருந்து திரும்பி வந்தபோது அவர் பிள்ளையே அவரைப் பார்த்து "அம்மா, யாரோ வந்துருக்காங்க" என்று கூவியதை நான் என் காதால் கேட்டவள். எங்கள் மகள் அப்போது எல்கேஜி. ஆனால் போக வேண்டாம் என்று சொல்ல என் கையில் வேறு வழி எதுவும் இல்லையே. அழுதேன், சமைத்தேன், மறுபடி அழுதேன்.

அந்த வாரத்தில்தான் கிரண் வந்தான். பலமநேர்க்காரன், பெங்களூரில் கேம் செய்கிற கம்பெனியில் வேலை. அவனும் அவன் கல்லூரிச் சிநேகிதர்களும் சிங்கப்பூர், அமெரிக்கா என்று ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். எல்லோரும் சேர்ந்து ஓய்வு நேரத்தில் ஒரு மோட் செய்துகொண்டிருந்தார்கள். மோட் என்றால், வெளிநாட்டுக்காரன் செய்த பஸ் ஓட்டும் விளையாட்டுக்குள் புகுந்து அவன் பஸ்ஸை எடுத்துவிட்டு நம் பஸ்ஸை வைப்பது, அவன் சாலையை எடுத்துவிட்டு நம் சாலையை வைப்பது. இவர்கள் வைத்திருந்தது சித்தூரிலிருந்து பங்காருபாலெம், மொகிலி மலைப்பாதை வழியாகப் பலமநேர் போகிற சாலை. ஊரை விட்டுப் போன பிள்ளைகள் ஊருக்கு வந்து போக ஒரு வழி செய்துகொண்டிருந்தார்கள். பஸ் இருந்தது, புளியமரம் இருந்தது, குட்டிச்சுவரில் சுண்ணாம்பு விளம்பரம்கூட இருந்தது. சத்தம் மட்டும் ஜெர்மன்காரன் சத்தம்.

"நம்ம பஸ் வருதுன்னு கண்ணை மூடிக்கினாலும் தெரியணும் அக்கா," என்றான் கிரண். மோட் இலவசமாகக் கொடுப்பது, அதில் வருமானம் கிடையாது. ஆனால் சத்தம் நன்றாக அமைந்தால் தன் கம்பெனி முதலாளியிடம் போட்டுக் காட்டுவதாகவும், அவர்கள் ஒலி வேலைக்கு நிரந்தரமாக ஆள் தேடுவதாகவும் சொன்னான். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

கோப்பு எந்த வடிவத்தில் வேண்டும் என்று சார் கேட்டார். ஓஜிஜி என்றான் கிரண். எங்கள் யாருக்கும் தெரியாத பெயர். எம்பி3 போலவே காதுக்குத் தெரியாததைக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சின்னதாக மடக்கி வைப்பதுதான் இதுவும், ஆனால் எம்பி3க்கு உரிமைக்காரர்கள் உண்டு, இதற்கு இல்லை, அதனால்தான் விளையாட்டு செய்கிறவர்கள் இதை எடுத்துக்கொண்டார்கள் என்று அவன் விளக்கினான். சாருக்கு அது தொண்டைக்குள் இறங்கவில்லை. கேசட் காலத்தில் அடுத்தவர் பாட்டில் ஒரு வரியைக்கூட எழுத்தில் அனுமதி இல்லாமல் தொடாதவர் அவர்.

"யாருதுய்யா அது? யாரை கேக்கணும்?" என்றார்.

"யாரையும் கேக்க வேணாம் சார். ஊரு ஏரி மாதிரி," என்றார் என் வீட்டுக்காரர், என்னவோ அவரே வெட்டிய ஏரி போல.

"ஏரிக்கும் பஞ்சாயத்து கீதேய்யா."

"இதுக்கும் கீது சார்," என்றான் கிரண். "ஆனா அவங்க மதகை மூடறதில்ல."

சார் வலது செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடி யோசித்தார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு எழுந்து போனார். வேலை தொடங்கியது.

கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிற பழைய பஸ் ஒன்றைப் பிடித்தோம். சித்தூர் தாண்டி மொகிலி ஏற்றத்தில் இரண்டாவது கியரில் அது முக்கி முனகி ஏறியபோது, நான் இன்ஜின் பெட்டி மேல் மெத்தையைப் போட்டு மைக்கை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் கடைசி சீட்டில் இன்னொரு மைக்கோடு இருந்தார். சிறிய டிஜிட்டல் நாடாக் கருவியில் பதிவு. டிரைவர் எங்களைப் பைத்தியம் என்று முடிவு கட்டி ரொம்பவும் மரியாதையாக நடந்துகொண்டார்.

கண்டக்டர் குரலும் வேண்டும் என்று கிரண் கேட்டிருந்தான். அதைக் கூடத்தில் வைத்து இவரையே பேசச் சொன்னேன். இவருக்கு நல்ல குரல் என்று சொல்லி வைத்தேன். உண்மைக் காரணம் வேறு. இவர் போய்விட்டால் இவர் குரல் நல்ல மைக்கில் ஒரு துண்டாவது என்னிடம் இருக்கட்டும் என்றுதான். "ஏறு ஏறு, உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத, ரைட் ரைட்" என்று தமிழில் ஒரு முறையும் தெலுங்கில் ஒரு முறையும் பேசினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் அடிக்கடி குனிந்து ஒயரைச் சரிசெய்தேன். ஒயர் சரியாகத்தான் இருந்தது.

இனி எங்கள் கோமாளித்தனங்கள். கூடத்துக் கம்ப்யூட்டரில் இடத்தை மிச்சப்படுத்த எல்லாப் பதிவையும் உடனுக்குடன் எம்பி3 ஆக்கிவைப்பது வழக்கம். இதையும் அப்படியே செய்தோம். முதல் முறை என் வீட்டுக்காரர் கோப்பின் பெயரில் கடைசி எழுத்துகளை மட்டும் ஓஜிஜி என்று மாற்றி அனுப்பிவிட்டார். பெயரை மாற்றினால் ஆள் மாறிவிடுவானா? பஸ் மொகிலி ஏற்றத்தில் மௌன விரதம் பூண்டு ஏறியதாகக் கிரண் சொன்னான். அடுத்தது ஹாரன். நான் ஆசை ஆசையாக இடம் வலம் பிரித்து ஸ்டீரியோவில் செய்தேன். ஒற்றைத் தடமாக இருந்தால்தான் விளையாட்டு அதை பஸ் இருக்கிற இடத்தில் கொண்டுபோய் வைக்குமாம். இரட்டைத் தடம் என்றால் எங்கும் நிறைந்த பரம்பொருள் ஆகிவிடும். பஸ் பங்காருபாலெத்தில் நிற்க, ஹாரன் வானத்திலிருந்து ஒலித்தது.

அதையெல்லாம் சரிசெய்து, முறையாக ஓஜிஜி ஆக்கி, வழக்கம்போல ஆட்டோ பரீட்சைக்குக் கொண்டுபோனோம். இன்ஜின் சத்தத்தைத் திரும்பத் திரும்ப வரும்படி கேசட்டில் ஏற்றிப் போட்டோம். ஆட்டோக்காரர் வண்டியை ஓடவிட்டபடியே கேட்டார். "சூப்பரா கீது சார், பஸ் உள்ளயே ஒக்காந்துக்கினு கீற மாதிரி கீது," என்றார். சார் செருப்பு ஏறியது. கோப்பு போனது. மறுநாள் கிரண் போன் செய்தான்.

"அக்கா, பஸ்ஸு விக்குது அக்கா."

விளையாட்டில் இன்ஜின் சத்தம் ஒரு சின்னத் துண்டுதான். பஸ் ஓடுகிற வரைக்கும் அது முடிந்து முடிந்து உடனே தொடங்கிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் துண்டு ஒவ்வொரு முறையும் முடியும் இடத்தில் ஒரு விக்கல் விக்கியது. ஆட்டோவில் அது எப்படித் தெரியாமல் போனது என்று எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டோம். சாருக்குத்தான் முதலில் பிடிபட்டது. ஆட்டோவின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததே, எங்கள் பஸ்ஸின் விக்கலை அந்த இன்ஜின் விழுங்கிவிட்டது. இத்தனை வருடச் சட்டத்தில் இப்படி ஓர் ஓட்டை. சார் அன்றைக்கு மதியம் சரியாகச் சாப்பிடவில்லை.

எம்பி3 ஆக்கும்போதே அது தலையில் கொஞ்சம் வெற்றிடத்தை ஒட்டிக்கொள்ளும், அதிலிருந்து ஓஜிஜி செய்தால் அந்த வெற்றிடமும் கூடவே வரும் என்று கிரண் சொன்னான். தவிர, ஒரு முறை பிழிந்த தேங்காயைத் திரும்பப் பிழிந்தால் இரண்டாம் பால்தானே வரும். நல்ல வேளையாக மூல நாடா இருந்தது. அதிலிருந்து நேராக எடுத்து, நேராக ஓஜிஜி ஆக்கினேன். இந்தத் தடவை ஆட்டோ வேண்டாம், விளையாட்டிலேயே கேட்போம் என்றார் சார். விளையாட்டு ஓடுகிற அளவு திராணி உள்ள கம்ப்யூட்டர் எங்களிடம் இல்லை. யூனிவர்சிட்டி பக்கம் ஒரு நெட் சென்டருக்குப் போனோம்.

அங்கே ஏசி அறை, செருப்பை வெளியே விட வேண்டும். சார் இரண்டு செருப்பையும் கழற்றிவிட்டு உள்ளே போனார். போச்சு, இனி அவர் மனதை எதை வைத்துக் கண்டுபிடிப்பது என்று என் வீட்டுக்காரர் என் காதில் முணுமுணுத்தார். துப்பாக்கிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த கல்லூரிப் பையன்கள் கரைவேட்டியைப் பார்த்ததும் எழுந்து இடம் கொடுத்தார்கள். கிரண் கொடுத்த மோடை ஏற்றி, அதிலிருந்த பழைய சத்தங்களை எடுத்துவிட்டு அதே பெயரில் எங்களுடையதை வைத்தோம். சார் வாழ்நாளில் சைக்கிளைத் தவிர வேறு எதையும் ஓட்டியவர் இல்லை. பஸ்ஸை எடுத்தார், முதல் வளைவில் பள்ளத்தில் விட்டார். இரண்டாம் முறையும் பள்ளம். பையன்கள் பின்னால் நின்று இடது, வலது என்று கூவினார்கள். மூன்றாம் முறை ஏற்றத்தில் பாதி தூரம் போனதும் கையை எடுத்துவிட்டுக் கண்ணை மூடினார். பஸ் தானாகப் பாறையில் போய் முட்டிக்கொண்டு இன்ஜினை உறுமிக்கொண்டே நின்றது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

விக்கல் போயிருந்தது. ஆனால் இப்போது பஸ் மூச்சு வாங்கியது. அடங்கி எழும்பி, அடங்கி எழும்பி, படியேறுகிற வயசாளி போல. ஓஜிஜியே இப்படித்தானோ, சும்மா கிடைப்பதன் லட்சணமோ என்று எனக்குக் கோபமாக வந்தது. சார் கண்ணைத் திறந்தார்.

"கோமளம்மா, இதுக்கு தலை எதுக்கு வெச்சே? வாலு எதுக்கு வெச்சே? இது பாட்டா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தொடக்கத்தை மெல்ல ஏற்றி, முடிவை மெல்ல அடக்கியிருந்தேன். யாரும் சொல்லவில்லை, யோசித்தும் செய்யவில்லை. கேசட்காரர்களின் கை. வெட்டிய இடம் எதுவானாலும் அதற்கு ஒரு வணக்கமும் ஒரு மங்களமும் வைத்துவிடும். ஓடுகிற பஸ்ஸுக்கு ஏது மங்களம்? பையன்களோடு சேர்ந்து நானும் சிரித்துவிட்டேன்.

சிரிப்பு வீட்டுக்கு வந்ததும் அடங்கிவிட்டது. ஏஜென்ட் போன் செய்திருந்தான். வெள்ளிக்கிழமை கடப்பாவுக்கு வந்து கையெழுத்துப் போடாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்றானாம்.

தலையையும் வாலையும் அடக்காமல் வெட்டிப் பார்த்தேன். சேருகிற இடத்தில் 'டிக்' என்றது. வேறு இடத்தில் வெட்டினேன், அங்கேயும் 'டிக்'. ஒரே பஸ், ஒரே ஏற்றம், ஆனாலும் ஒரு கணத்து இன்ஜின் இன்னொரு கணத்து இன்ஜினோடு ஒட்ட மாட்டேன் என்றது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்த 'டிக்' என்னையும் என் புருஷனையும் பிரிக்கிற சத்தமாகவே கேட்டது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் சட்டென்று, "அந்த சுருதி சீசா ஞாபகம் கீதா?" என்றார்.

நாங்கள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தம்புரா வாசிக்க ஆள் வராத நாட்களில் சார் ஒரு வேலை செய்வார். தம்புரா பதிந்த நாடாவை ஒரு முழம் வெட்டி, இரு முனையையும் ஒட்டி வளையமாக்கி, மேஜைமேல் நிறுத்திய கண்ணாடிச் சீசாவைச் சுற்றி ஓடவிடுவார். சுருதி நாள் முழுக்க ஓடும், ஒட்டு தெரியவே தெரியாது. ஏனென்றால் சார் நாடாவை நேராக வெட்டமாட்டார், சாய்வாக வெட்டுவார். ஒன்று குறையக் குறைய இன்னொன்று சேரும்.

கம்ப்யூட்டரிலும் சாய்வாக ஒட்டலாம், ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றி. ஆனால் எந்த இடத்தில்? திரையையே வெறித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. துண்டை நடுவில் வெட்டு. பின்பாதியை முன்னால் கொண்டு வா, முன்பாதியைப் பின்னால் தள்ளு. இப்போது கோப்பின் முடிவும் தொடக்கமும், சற்று முன்புவரை நடுவில் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரே இன்ஜின். அவை ஒட்டாமல் எங்கே போகும்? ஒட்டாத பழைய தலையும் வாலும் நடுவில் வந்து மாட்டிக்கொண்டன. அங்கே ஆற அமர சார் பாணியில் சாய்வாக ஒட்டினேன். மாலையின் முடிச்சைப் பூவுக்குள் தள்ளிவிடுகிற மாதிரி.

ஓடவிட்டோம். பஸ் ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. விக்கலும் இல்லை, மூச்சு வாங்கலும் இல்லை, டிக்கும் இல்லை. சார் வந்தார், வலது செருப்பைக் கழற்றினார், கண்ணை மூடினார். காபி வந்து ஆறிப்போனது. கணக்குப் பார்ப்பவர் சாவி கேட்டு வந்து, கிடைக்காமல் திரும்பிப் போனார். கடைசியில் சார் கண்ணைத் திறக்காமலே காலால் தடவி செருப்பைத் தேடினார். என் வீட்டுக்காரர் குனிந்து அதை அவர் கால் பக்கம் தள்ளிவிட்டார்.

போட்டுக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பினார். "முனிரத்னம், வெள்ளிக்கிழமை கடப்பா போறியா?"

"போவணும் சார்."

"வேனு எடுத்துக்கினு போ. ஆனா அந்த பையன் போனு வர வரைக்கும் கையெழுத்து போடாத."

வெள்ளிக்கிழமை இவர் கிளம்பினார். கூடவே ராமகுப்பத்திலிருந்து இவர் தங்கை புருஷன் ஏழுமலையும் போனார். அவருக்குக் குவைத் போக ரொம்ப நாளாக ஆசை, ஏஜென்ட்டைப் பார்த்து வைக்கலாம் என்று சேர்ந்துகொண்டார். நான் கூடத்தில் போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து தண்ணீர் குடிக்கக்கூடப் பயம்.

மதியத்துக்கு மேல் கிரண் பேசினான். அவன் முதலாளி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எங்கள் இன்ஜினை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாராம். என்ன பிரச்சினை என்று கேட்டதற்கு, "ஒட்டு எங்கேன்னு தேடிக்கினு கீறேன், கிடைக்கல, இவங்கள நாம விடக்கூடாது" என்றாராம். அவர்களுடைய விளையாட்டுகளுக்கு ஒலி செய்கிற வேலை இனி எங்களுக்குத்தான், வருஷ ஒப்பந்தம் அனுப்புகிறோம் என்றான்.

ஏஜென்ட் ஆபீசுக்குப் போன் போட்டேன். இவரைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். சொல்ல நினைத்திருந்தது எதுவும் வரவில்லை. "ஒட்டு தெரியலியாம்" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுகிற சத்தம் கேட்டது. பிறகு, "பாப்பாகிட்ட ராத்திரிக்கு வந்துடறேன்னு சொல்லு" என்றார்.

இவருக்கு இருந்த இடத்துக்கு ஏழுமலை பெயரைப் போட்டுக்கொண்டார்கள். ஏஜென்ட்டுக்கு ஆள் கிடைத்தால் போதும். அவர் சந்தோஷமாகத்தான் போனார். அதன் பிறகு நாங்கள் பதியாத வண்டி இல்லை, பிடிக்காத மழை இல்லை. உறை போர்த்தியிருந்த இயந்திரங்கள் இருந்த இடத்தில் கம்ப்யூட்டர்கள் வந்தன, ஆட்கள் கூடினார்கள். சார் கடைசிவரை ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு செருப்பைக் கழற்றினார். ஆட்டோ பரீட்சையும் நிற்கவில்லை, ஒரு திருத்தம் மட்டும் சேர்ந்தது: ஆட்டோ இன்ஜினை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டும்.

ஹரிணி, உன் கேள்விக்குப் பதில்: அந்தக் கோப்பில் தலையைத் தேடாதே, இல்லை. ஓஜிஜியிலிருந்து மாற்றாதே, அது இரண்டாம் பால். மூலப் பதிவு பழைய அலமாரியில் இருக்கிறது, அதிலிருந்து எடு. கண்டக்டர் குரல் கோப்பையும் அப்படியே செய், ஆனால் அதில் 'ரைட் ரைட்' என்பதற்கு முன்னால் ஒரு சின்ன இருமல் இருக்கும். அதை எடுத்துவிடாதே. ஏன் என்று சொல்கிறேன்.

ஏழுமலை போய்ச் சில மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, அங்கே அவர்களுக்கு விடுமுறை, போன் செய்தார். அறையில் எல்லாம் நம் பக்கத்து ஆட்களாம். பலமநேர்க்காரர் ஒருவர் லாப்டாப்பில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாராம். எல்லோரும் முறை வைத்து மொகிலி ஏறுகிறார்களாம். ஏழுமலை முறை வந்து உட்கார்ந்தால், பஸ்ஸுக்குள்ளிருந்து யாரோ படியில் நிற்காதே என்று அதட்டிவிட்டு இருமியிருக்கிறார்கள், அந்த இருமலை வைத்துத்தான் ஆள் யாரென்று கண்டுபிடித்தாராம். நான் ஸ்பீக்கரைப் போட்டேன்.

"மச்சான், நீ வரமாட்டேன்னிட்டு என்னை அனுப்பிட்ட," என்றார் ஏழுமலை. "இங்க வந்து பாத்தா, உன் கொரலு எனக்கு முன்னாடியே வந்து சீட்டு புடிச்சி ஒக்காந்துக்கினு கீது."

அந்தப் பக்கம் ஓர் அறை நிறைய ஆண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவர்களோடு அந்த அறையில் சிரித்துக்கொண்டிருக்க வேண்டியவர், மகளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, என் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.